புரோஸ்டேட் பயாப்சி: போகும் முன்பும் வந்த பின்பும் கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் இந்தப் பரிசோதனையை 2 முறை செய்துகொண்டவன். முதல் முறை மலக்குடல் வழியாக, 3 வருடம் கழித்துத் தோல் வழியாக. அதற்குப் பிறகு, தெரிந்தவர்களில் யாருக்காவது பிஎஸ்ஏ கூடிவிட்டால் என்னிடம் அனுப்பிவைக்கிறார்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் ஆண்கள் இதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். தனியாகக் கிடைத்தால் ஒரு மணி நேரம் கேட்பார்கள். அப்படிக் கேட்டவைதான் இவை. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சையே கேளுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்தவர் அவர்.

பிஎஸ்ஏ கூடியிருக்கிறது என்றார்கள். அப்படியானால் புற்றுநோயா?

அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பிஎஸ்ஏ என்பது புரோஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். கெட்டியான விந்தை இளக்குவது அதன் வேலை. அதில் கொஞ்சம் ரத்தத்தில் கசிகிறது, அந்தக் கசிவைத்தான் அளக்கிறார்கள். வயதாகிச் சுரப்பி வீங்கினாலும் கசிவு கூடும், கிருமித் தொற்று வந்தாலும் கூடும், புற்று இருந்தாலும் கூடும். எண் கூடிய ஆண்களில் ஏறக்குறைய 4 பேரில் 3 பேருக்குப் புற்று இருப்பதில்லை. தலைகீழாகவும் நடக்கும்: 2004-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பிஎஸ்ஏ 4-ஐத் தாண்டாத ஆண்களிலேயே சுமார் 15 சதவீதம் பேருக்குப் பயாப்சியில் புற்று தெரிந்தது.

அதனால் முதல் எண்ணைப் பார்த்ததும் இடிந்துபோகாதீர்கள். மறுபடி ஒரு முறை எடுக்கச் சொல்வார்கள், அதைச் சரியாக எடுங்கள். அதற்கு முந்தைய 2 நாள் விந்து வெளியேறக் கூடாது, நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டக் கூடாது. சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் குணமாகி 6 வாரமாவது ஆகட்டும். இன்னொன்று, பலர் சொல்ல மறப்பது: ஃபினாஸ்டரைடு அல்லது டூட்டாஸ்டரைடு மாத்திரை பல மாதமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பிஎஸ்ஏ பாதியாகக் குறைந்து காட்டும். முடி கொட்டுவதற்காக ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறவர்களும் இதில் அடக்கம். காகிதத்தில் 3 என்று இருந்தால் உண்மையில் அது 6.

நேராகப் பயாப்சிக்குப் போகாமல் முதலில் எம்ஆர்ஐ எதற்கு?

முன்பெல்லாம் எண் கூடினால் அடுத்தது ஊசிதான். சுரப்பியின் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே குத்துவார்கள். சந்தேக இடம் தப்பிவிடும், அல்லது கண்டுபிடித்துப் பயனில்லாத சின்னப் புற்று அகப்படும். இப்போது பல இடங்களில் எம்ஆர்ஐ முதலில் வந்துவிட்டது. 2017-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 576 ஆண்களுக்கு எம்ஆர்ஐ, பயாப்சி இரண்டுமே செய்து ஒப்பிட்டார்கள். எம்ஆர்ஐயை முதலில் வைத்திருந்தால் கால்வாசிப் பேருக்குப் பயாப்சியே தேவைப்பட்டிருக்காது என்று தெரிந்தது.

எம்ஆர்ஐ அறிக்கையில் பைராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஒரு எண் இருக்கும். 1, 2 என்றால் கவலைப்பட அதிகம் இல்லை. 4, 5 என்றால் பயாப்சி செய்யத்தான் சொல்வார்கள். 3 என்பது இரண்டும்கெட்டான். அப்போது டாக்டர் வேறு கணக்கும் பார்ப்பார்: பிஎஸ்ஏ எண்ணைச் சுரப்பியின் கன அளவால் வகுப்பது அதில் ஒன்று. 0.15-க்கு மேல் வந்தால் கொஞ்சம் கூடுதலாக யோசிப்பார்கள். பெரிய சுரப்பி அதிகம் கசிவது இயல்பு. சின்னச் சுரப்பி அதிகம் கசிந்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.

எம்ஆர்ஐ சுத்தமாக இருந்தால் விட்டுவிடலாமா?

பலருக்கு விட்டுவிடலாம், பிஎஸ்ஏயை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டு. ஆனால் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்தப் புற்று வந்திருந்தால், அல்லது விரலால் சோதிக்கும்போது கட்டி தட்டுப்பட்டால், படம் சுத்தமாக இருந்தும் செய்யச் சொல்லலாம். எம்ஆர்ஐ சிலவற்றைத் தவறவிடும்.

இரண்டு வழி இருக்கிறதாமே? எதைக் கேட்பது?

புரோஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதை எட்ட ஊசிக்கு இரண்டு பாதை. ஒன்று, மலக்குடலுக்குள்ளிருந்து அதன் சுவரைத் துளைத்துப் போவது. இதை டிரான்ஸ்ரெக்டல் என்பார்கள். மற்றது, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாகப் போவது, டிரான்ஸ்பெரினியல். இரண்டிலும் அல்ட்ராசவுண்ட் குழாய் மலக்குடலுக்குள்தான் இருக்கும். அதிலிருந்து தப்பிக்க வழியில்லை.

மலக்குடல் வழி சுருக்கமாக முடியும், பழகிய கைகள் எங்கும் உண்டு. ஆனால் ஊசி ஒவ்வொரு முறையும் மலக்கிருமிகள் உள்ள சுவரைத் தாண்டிப் போகிறது. அந்தக் கிருமி சுரப்பிக்குள்ளும் ரத்தத்துக்குள்ளும் இறங்க வாய்ப்பு உண்டு. தோல் வழியில் கிருமிநாசினியால் துடைத்த தோலில் குத்துகிறார்கள், அதனால் தொற்று வெகுவாகக் குறைவு. சுரப்பியின் முன்பகுதியையும் அதில் எளிதாக எட்டலாம். பதிலுக்குக் கொஞ்சம் நேரம் கூடுதல், உட்கார்ந்தால் சில நாள் வலி, சிறுநீர் அடைபடும் வாய்ப்பும் சற்று அதிகம் என்று சில டாக்டர்கள் சொல்வார்கள்.

இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் என் கட்சி தோல் வழிதான். ஏன் என்று கீழே காய்ச்சல் பற்றிய கேள்வியில் தெரியும். ஆனால் உங்கள் டாக்டருக்குக் கை பழகியது எது என்பதும் முக்கியம். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எத்தனை துண்டு எடுப்பார்கள்?

சுரப்பி முழுவதும் பரவலாக எடுத்தால் வழக்கமாக 12. எம்ஆர்ஐயில் சந்தேக இடம் தெரிந்திருந்தால் அங்கிருந்து மட்டும் தனியாகச் சில. இரண்டும் சேர்த்து எடுப்பதும் உண்டு. துண்டு என்றதும் மனம் பெரிதாக நினைக்கும். ஒவ்வொன்றும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள நூல், அவ்வளவுதான். ஊசியே ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய தடிமன்.

நான் சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இதில் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. வார்ஃபரின், அபிக்ஸாபான், ரிவராக்ஸாபான், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை வழக்கமாகச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அதைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தினால் பயாப்சியைவிடப் பெரிய வினை வரும். இதய டாக்டரும் சிறுநீரக டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பலருக்குத் தொடரவே விடுகிறார்கள். சர்க்கரைக்கான மாத்திரை, இன்சுலின், மீன் எண்ணெய், நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

அதே தாளில் இன்னும் மூன்று விஷயம் இருக்கட்டும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. கடந்த 6 மாதத்தில் என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள். சமீபத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்களா. கடைசி இரண்டும் எதற்கென்றால், ஆன்டிபயாடிக் பழகிய உடம்பில் அதற்கு அடங்காத கிருமி குடியிருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குச் சில இடங்களில் மலக்குடலில் பஞ்சு தடவி எடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று முன்பே சோதித்துவிடுகிறார்கள்.

அன்று காலை என்ன தயார் செய்ய வேண்டும்?

மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை. மயக்கம் கொடுப்பதாக இருந்தால் எப்போதிலிருந்து சாப்பிடக் கூடாது என்று சொல்வார்கள். சிறுநீரைச் சோதித்துப் பார்ப்பார்கள், தொற்று இருந்தால் தள்ளிவைப்பார்கள். மலக்குடல் வழியென்றால் எனிமாவும் ஆன்டிபயாடிக்கும் இருக்கலாம். சொன்ன நேரத்தில் சொன்ன மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். தளர்வான உடை, கூட ஒருவர்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

இதைத்தான் எல்லோரும் கடைசியாக, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலக்குடல் வழியில், இடது பக்கமாகச் சாய்ந்து படுத்து முழங்காலை நெஞ்சை நோக்கி மடக்கச் சொன்னார்கள். தோல் வழியில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் தூக்கித் தாங்கியில் வைத்தார்கள். பிரசவத்துக்குப் படுப்பது போல. மானத்தை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. உள்ளே இருப்பவர்களுக்கு இது அன்றைய நாளின் ஐந்தாவது ஆள், உங்கள் முகம் கூட அவர்களுக்கு நினைவிருக்காது.

முதலில் விரல். பிறகு வழுவழுப்பான ஜெல் தடவிய அல்ட்ராசவுண்ட் குழாய். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன். அது போகும்போது வெளிக்குப் போக வேண்டும் போல இருக்கும். போக வேண்டியிருக்காது, அந்த உணர்வு மட்டும்தான். ஆசனவாயை இறுக்காமல் மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். பிறகு சுரப்பியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி. எனக்கு இரண்டு முறையும் அதிகம் வலித்தது இதுதான்: சுருக்கென்று குத்தி, சில விநாடி எரிந்து அடங்கியது.

அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ‘டக்’. பயாப்சித் துப்பாக்கியில் ஸ்பிரிங் இருக்கிறது. அது ஊசியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே விட்டுத் திசுவை வெட்டிக்கொண்டு வந்துவிடும். சத்தம்தான் தூக்கிவாரிப் போடும். நல்ல நர்ஸாக இருந்தால் எதுவும் செய்வதற்கு முன்பே அந்தத் துப்பாக்கியை ஒரு முறை வெறும் காற்றில் சுட்டுக் காட்டுவார். எனக்கு இரண்டாம் முறை அப்படிக் காட்டினார்கள், அதிலேயே பாதிப் பயம் போய்விட்டது. காட்டாவிட்டால் நீங்களே கேளுங்கள். எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டைத் தாண்டியதும் அலுப்புத்தான் மிஞ்சியது. மலக்குடல் வழியில் எல்லாம் சேர்த்து 10, 15 நிமிடம், மற்றதில் அரை மணிக்குள்.

அப்படியானால் வலிக்காது என்கிறீர்களா?

பொய் சொல்லமாட்டேன், வலிக்கும். பல் பிடுங்குவதற்கு மரத்துப்போக வைப்பது போன்ற அளவு. சிலருக்கு, முக்கியமாகச் சுரப்பியின் முனைப் பக்கம் எடுக்கும்போது, ஆண்குறி நுனி வரை ஒரு சுள்ளென்ற வலி ஓடும். தாங்க முடியாவிட்டால் கையைத் தூக்குங்கள், இன்னும் மருந்து போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பதற்குப் பரிசு எதுவும் தரப்போவதில்லை.

முழு மயக்கம் கேட்கலாமா?

கேட்கலாம். மூலம், ஆசனவாய் வெடிப்பு உள்ளவர்களுக்கும், மிகவும் பதற்றப்படுகிறவர்களுக்கும், நிறையத் துண்டு எடுக்க வேண்டியவர்களுக்கும் மயக்கம் நியாயமானதே. மற்றவர்களுக்கு மயக்கத்தின் பக்கவிளைவு, பட்டினி, காத்திருப்பு என்று வேலை கூடுகிறது.

முடிந்ததும் எழுந்து நடக்கலாமா?

கொஞ்ச நேரம் உட்காருங்கள். சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு. ஒரு முறை சிறுநீர் கழித்த பிறகே பெரும்பாலும் வீட்டுக்கு விடுவார்கள். அந்த முதல் சிறுநீர் ரோஸ் நிறத்தில் வரும், எரியும். வண்டி ஓட்டாதீர்கள். அன்று முழுக்கத் தண்ணீர் நிறையக் குடியுங்கள், ஆனால் ஒரேயடியாக லிட்டர் கணக்கில் வேண்டாம். மதுவைத் தள்ளிவையுங்கள்.

ரத்தம் எத்தனை நாள் வரும்?

மூன்று இடத்திலிருந்து வரும், மூன்றுக்கும் கணக்கு வேறு.

மலத்தில்: மலக்குடல் வழியாகச் செய்தவர்களுக்கு ஓரிரு நாள், கோடு போல. முக்காதீர்கள்.

சிறுநீரில்: சில நாள் முதல் இரண்டு வாரம் வரை விட்டுவிட்டு வரும். இரண்டு நாள் தெளிவாக இருந்து மூன்றாம் நாள் மறுபடி சிவக்கும். பயந்து ஓட வேண்டாம். ஒரு சொட்டு ரத்தமே ஒரு கோப்பைத் தண்ணீரைச் சிவப்பாக்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். வெளிறிய சிவப்பு, ரோஸ், தேநீர் நிறம் எல்லாம் பரவாயில்லை. அடர்ந்த சிவப்பாக நிற்காமல் வந்தால், கட்டி கட்டியாக வந்தால், ஆஸ்பத்திரி.

விந்தில்: இதைப் பலரிடம் யாரும் சரியாகச் சொல்லி அனுப்புவதில்லை. முதல் முறை பார்ப்பவர் ஆடிப்போய்விடுவார். முதலில் நல்ல சிவப்பு, பிறகு துருப்பிடித்த பழுப்பு, கடைசியில் மங்கிய காவி. 4 முதல் 6 வாரம் சாதாரணம், சிலருக்கு 2, 3 மாதம் கூட இழுக்கும். விந்தின் பெரும்பகுதி இந்தச் சுரப்பியிலும் அதை ஒட்டிய பைகளிலுமிருந்துதான் வருகிறது. உள்ளே தேங்கிய பழைய ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அதோடு கழுவிக்கொண்டு வெளியேறுகிறது. நாள் கணக்கைவிட எத்தனை முறை வெளியேறியது என்பதைப் பொறுத்தே தெளியும். அதனால் பயந்துபோய் மாதக்கணக்கில் அடக்கிக்கொண்டிருப்பவருக்குத்தான் கடைசி வரை நிறம் மாறாமல் நிற்கும்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாமா?

போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

என் முதல் பயாப்சி முடிந்த இரண்டாம் நாள் இரவு குளிர ஆரம்பித்தது. போர்வை போர்த்தினேன், இன்னொன்று போர்த்தினேன். பல் கிட்டித்தது. தெர்மாமீட்டரை எடுத்தால் அதில் பேட்டரி செத்துக்கிடந்தது. மனைவி நெற்றியில் கை வைத்து, “லேசாகத்தான் சுடுகிறது” என்றாள். மாத்திரை போட்டேன், அடங்கியது. சரி, களைப்பு என்று தூங்கிவிட்டேன். விடியற்காலையில் எழுந்தபோது கழிவறை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. சொந்த வீட்டில். மனைவி அப்போதுதான் பயந்தாள். 5 நாள் ஆஸ்பத்திரியில், கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தும் எனக்குள் இருந்த ஈ.கோலை கிருமி அதற்கு அடங்காத வகையாம். இரவே போயிருந்தால் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்திருப்பேன் என்றார் டாக்டர். தப்பு என்னுடையது. கொடுத்தனுப்பிய தாளில் தெளிவாக எழுதியிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை.

மலக்குடல் வழியில் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குத் தொற்று 100-ல் சிலருக்குத்தான் வருகிறது. வந்தால் வேகமாக வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில், ஒரு வாரம் வரைக்கும் கவனம் தேவை. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் தொட்டாலே போதும். நடுக்கம் வந்தால் எண்ணுக்காகக் காத்திருக்கக் கூட வேண்டாம். இதயம் படபடப்பது, மூச்சு வாங்குவது, பேச்சு தடுமாறுவது, சிறுநீர் குறைந்துபோவது எல்லாம் ரத்தத்தில் கிருமி பரவும் அறிகுறிகள். நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மறுநாள் கிளினிக் திறக்கட்டும் என்று இருக்காதீர்கள். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது.

அங்கே போனதும் வாசலிலேயே சொல்லவேண்டியது: “இரண்டு நாளைக்கு முன் புரோஸ்டேட் பயாப்சி செய்தார்கள், மலக்குடல் வழியாக, இந்த ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன்.” இதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல்காரரோடு வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். மாத்திரை அட்டையையும் கையில் கொண்டுபோங்கள். ஏற்கெனவே தோற்றுப்போன மருந்தையே மறுபடி கொடுக்காமல் இருக்க அது உதவும்.

சிறுநீர் வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது. என்ன செய்வது?

குத்திய சுரப்பி வீங்கும். நடுவில் ஓடும் சிறுநீர்ப் பாதை நெரியும். ஏற்கெனவே பெரிய சுரப்பி உள்ளவர்களுக்கு இது அதிகம். வேகம் குறைவதும் அடிக்கடி போவதும் சில நாளில் சரியாகும். ஆனால் முட்டிக்கொண்டு நிற்கிறது, அடிவயிறு கல் போல இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது என்றால் உடனே போங்கள். கதீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய், போட்டுச் சில நாள் வைத்திருந்து எடுத்துவிடுவார்கள். அது போட்டதும் கிடைக்கும் நிம்மதியைப் பற்றி அனுபவித்த நண்பர் ஒருவர் அரை மணி நேரம் பேசுவார்.

எப்போது வேலைக்குப் போகலாம்?

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் மறுநாள் அல்லது அதற்கு மறுநாள். கனமான தூக்குதல், ஓட்டம், ஜிம் எல்லாம் சில நாள் கழித்து. சைக்கிளும் பைக்கும் ஓரிரு வாரம் தள்ளியே இருக்கட்டும், முக்கியமாகத் தோல் வழியாகச் செய்தவர்களுக்கு. விதைப்பையும் அதன் கீழும் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தால் பயப்பட வேண்டாம், மஞ்சளாகி மறையும்.

தாம்பத்தியம்?

சில நாள் ஓய்வுக்குப் பிறகு டாக்டர் தடை சொல்லாவிட்டால் தொடரலாம். விந்தில் வரும் ரத்தத்தால் துணைக்குத் தீங்கில்லை. பார்ப்பதற்குச் சங்கடம் என்றால் ஆணுறை போட்டுக்கொள்ளுங்கள், முன்பே சொல்லியும் வையுங்கள். விறைப்பு சில வாரம் மந்தமாக இருப்பது பலருக்கு நடக்கிறது. ஊசி காரணமா, முடிவு வராத கவலை காரணமா என்று பிரித்துச் சொல்வது கடினம். பெரும்பாலும் ஓரிரு மாதத்தில் பழையபடி ஆகிவிடும்.

ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தாலேயே வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஊசி போன பாதையில் புற்றுச் செல் ஒட்டிக்கொண்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன, ஆனால் அரிதிலும் அரிது. உலகம் முழுவதும் ஒவ்வொரு வருடமும் நடக்கும் பயாப்சிகளின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் அது கணக்கிலேயே வராது. ‘குத்தினார்கள், அதன்பின் பரவியது’ என்று கேள்விப்படும் கதைகளில், குத்துவதற்கு முன்பே பரவியிருந்தது என்பதுதான் பெரும்பாலும் உண்மை.

முடிவு எப்போது வரும்? அதுவரை எப்படி இருப்பது?

ஒன்று முதல் இரண்டு வாரம். அந்த நூல்களை மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வேறு சாயம் போட்டு மறுபடி பார்ப்பார்கள். தாமதமானால் கெட்ட செய்தி என்று அர்த்தம் கிடையாது. எப்படி இருப்பது என்றால், எனக்கும் தெரியவில்லை. ஊசியைவிட அந்த நாட்கள்தான் கொடுமை. நான் அலமாரி முழுவதையும் அடுக்கினேன்.

அறிக்கையில் க்ளீசன் 3+4 என்றெல்லாம் இருக்கிறது. எப்படிப் படிப்பது?

டொனால்ட் க்ளீசன் என்ற அமெரிக்க நோயியல் நிபுணர் 1960-களில் வகுத்த முறை இது. புற்றுச் செல்கள் இயல்பான சுரப்பி அமைப்பிலிருந்து எவ்வளவு விலகிவிட்டன என்று பார்த்து எண் கொடுப்பது. அதிகமாகக் காணப்படும் வகைக்கு முதல் எண், அடுத்ததற்கு இரண்டாவது எண், இரண்டையும் கூட்டுவார்கள். 1, 2 என்ற எண்களை இப்போது ஊசிப் பயாப்சியில் போடுவதில்லை. அதனால் குறைந்தபட்சமே 3+3=6. பத்துக்கு ஆறு என்று படித்து மனம் உடைந்தவர்கள் ஏராளம். அது பரீட்சை மார்க் கிடையாது, இருப்பதிலேயே சாதுவான புற்றுக்குத்தான் 6.

இந்தக் குழப்பத்துக்காகவே 2014-ல் நிபுணர்கள் கூடி 1 முதல் 5 வரை புதிய குழுக்களை வகுத்தார்கள். 6 என்றால் குழு 1. 3+4 என்றால் குழு 2. 4+3 என்றால் குழு 3. கூட்டினால் இரண்டுமே 7 என்றாலும், பின்னதில் முரட்டு வகை அதிகம். 8 என்றால் குழு 4. 9, 10 என்றால் குழு 5. எத்தனை துண்டில் இருந்தது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நீளம் என்பதையும் பாருங்கள்.

அறிக்கையில் ‘ஹை கிரேடு பின்’ என்றோ ‘ஏசாப்’ என்றோ இருந்தால் அது புற்று என்ற முடிவு கிடையாது. முதலாவது செல் மாற்றம். இரண்டாவது, சந்தேகமாக இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

புற்று என்றே வந்துவிட்டது. உடனே ஆபரேஷனா?

அவசரப்படாதீர்கள். பெரும்பாலான புரோஸ்டேட் புற்று மெதுவாக நகர்வது, யோசிக்க வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது. பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்து நடத்திய ஆய்வின் 15 வருட முடிவு 2023-ல் வந்தது. அவர்களில் பெரும்பாலானோருக்குச் சுரப்பியைத் தாண்டாத, குறைந்த அல்லது நடுத்தர ஆபத்துள்ள புற்று. எந்தப் பிரிவில் இருந்தாலும் புரோஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான். குழு 1 என்றால் பல டாக்டர்கள் கண்காணிப்பையே முதலில் சொல்கிறார்கள். குழு 4, 5 என்றால் கதை வேறு. அங்கே எலும்பு, நிணநீர்க் கணு எல்லாம் பார்த்துச் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும்.

ஒன்றும் இல்லை என்று வந்தது. முடிந்ததா?

அநேகமாக. ஊசி தப்பவிட்டிருக்கலாம் என்பதால் பிஎஸ்ஏயைத் தொடர்ந்து பார்க்கச் சொல்வார்கள். ஆனால் 6, 8 வாரம் கழியாமல் எடுக்காதீர்கள். குத்துப்பட்ட சுரப்பி தாறுமாறாகக் கசியும், எண்ணைப் பார்த்து வீணாகத் தூக்கம் கெடும். எம்ஆர்ஐக்கும் அதே கெடு, உள்ளே தேங்கிய ரத்தம் படத்தைக் குழப்பும்.

கணவருக்கு நாளை பயாப்சி. நான் என்ன செய்ய வேண்டும்?

இதை ஒரு பெண் கேட்டார். ஆண்கள் யாரும் மனைவி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதில்லை.

கூடப் போங்கள். கொடுத்தனுப்பும் தாளை அவருக்கு முன்பே நீங்கள் படித்துவிடுங்கள், அதிலுள்ள அவசர எண்ணை உங்கள் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் சாப்பிட வேண்டிய ஆன்டிபயாடிக் எந்த வேளை, எத்தனை நாள் என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் 3 நாள் காலை, மாலை, படுக்கப்போகும் முன் காய்ச்சல் பாருங்கள். “எனக்கு ஒன்றுமில்லை” என்பார், இருந்தாலும் பாருங்கள். நடுங்கினால் அவர் அனுமதிக்காகக் காத்திருக்காதீர்கள். முடிவு சொல்லும் நாளில் நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள், முதல் வார்த்தைக்குப் பிறகு அவர் காதில் எதுவும் விழாது.

தெர்மாமீட்டரின் பேட்டரியை இன்றே பார்த்துவிடுங்கள்.